ரோபோ துணையுடன் முழங்கால் மூட்டு மாற்று: எலும்பை அறுக்கும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை, வரிசையாக

புதுச்சேரியில் மூட்டு மாற்று அறுவைகள் நடக்கும் ஓர் அரங்கில் தொழில்நுட்பராக வேலை செய்கிறேன். கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம் பக்கங்களிலிருந்து வருபவர்களே எங்கள் நோயாளிகளில் பெரும்பாலோர். புதிதாகச் சேரும் செவிலியர்களும் தொழில்நுட்பர்களும் பயிற்சி மருத்துவர்களும் எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். வழக்கமான கருவிகளால் செய்யும் மூட்டு மாற்று எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கானது இது.

ரோபோ என்று ஒரே பெயரில் சொன்னாலும் கருவிக்குக் கருவி வேலை மாறும். மேக்கோவில் சி.டி. ஸ்கேனிலிருந்து எலும்பின் உருவம் முன்கூட்டியே தயாராகிறது. மருத்துவர் ரம்பத்தை நகர்த்த, இயந்திரக் கை அதைத் திட்டமிட்ட எல்லைக்குள் நிறுத்திவைக்கிறது. ரோசாவில் அறுப்பு வழிகாட்டியை இயந்திரக் கை உரிய இடத்தில் பிடித்துக்கொள்ள, மருத்துவர் வழக்கமான ரம்பத்தால் அறுக்கிறார். கோரி, கையில் பிடித்து எலும்பைச் செதுக்கும் கருவி. அதற்கு ஸ்கேன் தேவையில்லை. கியூவிஸ், மருத்துவரின் கண்காணிப்பில் எலும்பைத் தானே கடைந்தெடுக்கும். கீழே உள்ள வரிசை முதல் வகைக்கு உரியது. உங்கள் கருவியின் கையேடு வேறு விதமாகச் சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

எந்தக் கருவியானாலும் அதன் காமிராவுக்கு எலும்பு தெரியாது. எலும்பில் திருகிய பின்களின் (உலோக ஊசிகளின்) மேல் நிற்கும் டிராக்கரைத்தான், அதாவது பளபளக்கும் சிறு உருண்டைகள் பொருத்திய சட்டத்தைத்தான், அது பார்க்கிறது. எலும்பு எங்கே இருக்கிறது என்பதை நாம்தான் அதற்குச் சொல்லித் தருகிறோம். தப்பாகச் சொன்னால், தப்பான இடத்தில் மிகத் துல்லியமாக அறுத்துக் கொடுக்கும்.

1. இரண்டு வாரம் முன்பே காலைப் பாருங்கள்

நோயாளியின் இரு பாதங்களையும் விரலிடுக்குகளையும் குதிகால் வெடிப்புகளையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் இறங்கும் பெண்களுக்குச் சேற்றுப்புண் இருப்பது சகஜம். அதை அவர்கள் நோயாகக் கருதிச் சொல்ல மாட்டார்கள். அந்தப் புண் வழியாகக் கிருமி நுழைந்து புதிய மூட்டில் தங்கிவிட்டால், எவ்வளவு நேர்த்தியாக அறுத்துப் பொருத்தியிருந்தாலும் அதைக் கழற்ற நேரலாம்.

யானைக்கால் நோய் ஒரு காலத்தில் புதுச்சேரிப் பகுதியில் பரவலாக இருந்தது. ஆகவே வயதானவர்களிடம், தொடை இடுக்கில் நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் அடிக்கடி வந்ததுண்டா என்று கேட்டுவிடுங்கள். நீர் தேங்கிய காலில் தோல்தொற்று எளிதில் வரும். ரோபோ முறையில் பின்களுக்கென்று கூடுதல் துளைகளும் விழுகின்றன என்பதால் மருத்துவருக்கு இது முன்பே தெரிய வேண்டும். சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, சொத்தைப் பல் ஆகியவற்றை வழக்கம்போல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடலுக்குள் இருக்கும் உலோகத்தைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள். தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தவருக்கு வழக்கமான வழிகாட்டிக் கம்பியை எலும்பின் உட்குழிக்குள் செலுத்த இயலாது. ரோபோ முறைக்கு அந்தக் கம்பி தேவையில்லை என்பதாலேயே சிலரை இதற்கு அனுப்புகிறார்கள். ஆனால் டிராக்கர் பின்கள் அந்தப் பழைய கம்பியில் போய் முட்டக்கூடும் என்பதை அறுவை நாளன்று கண்டுபிடிப்பது மோசமான நேரம்.

2. சி.டி. ஸ்கேன்: ஒரே படுக்கையில், அசையாமல்

இடுப்பு மூட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்றும் ஒரே ஸ்கேனில் வர வேண்டும். முழங்காலை மட்டும் எடுத்துத் தரும் வழக்கத்தில் இருக்கும் ஸ்கேன் மையங்களுக்கு இதை எழுதியே கொடுங்கள். இடுப்பின் மையத்தையும் கணுக்காலின் மையத்தையும் இணைக்கும் கோடுதான் காலின் எடை இறங்கும் கோடு. அது தெரியாமல் முழங்காலை எந்தக் கோணத்தில் அறுப்பது என்று முடிவு செய்ய இயலாது.

ஸ்கேன் ஓடும்போது கால் அசைந்தால் இடுப்பு ஓரிடத்திலும் கணுக்கால் வேறிடத்திலும் பதிவாகும். பாதங்களைத் துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். நீட்ட முடியாத முழங்காலை அழுத்தி நீட்ட வேண்டாம், வலியில் நடுங்கும். கீழே துணிச்சுருள் வைத்து, அது நிற்கிறபடியே எடுங்கள்.

அடுத்தது கொலுசும் மெட்டியும். உலோகத்தைச் சுற்றி ஸ்கேனில் வெள்ளைக் கீற்றுகள் சிதறும். கொலுசோ, மையம் குறிக்க வேண்டிய கணுக்காலிலேயே கிடக்கிறது. ஒருமுறை அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, “கொலுசைக் கழட்டறேன் தம்பி, மெட்டியைக் கழட்டச் சொல்லாதே, அவர் இருக்காரு” என்று காலை இழுத்துக்கொண்டார். மெட்டி ஸ்கேன் எல்லைக்குள் வராது என்று பார்த்து, அன்றைக்கு அதை விட்டுவிட்டோம். ஆனால் அறுவைக்கு முன் அதையும் எடுத்தாக வேண்டும்; கழுத்தில் கிடக்கும் மஞ்சள் கயிற்றிலோ முந்தானையிலோ முடிந்து வைத்துக்கொள்வார்கள் என்பதால், அரங்குக்கு வரும் முன் வீட்டாரிடம் கொடுக்கச் சொல்லி முதல் நாளே பேசிவிடுங்கள்.

ஃபிலிமை வாங்கி வந்து நிற்பவர்கள் இன்னும் உண்டு. திட்டமிடும் கணினிக்கு ஃபிலிமால் பயனில்லை. டைகாம் எனப்படும் மருத்துவப் பட வடிவத்தில் முழுக் கோப்பும் குறுந்தகட்டிலோ நேரடியாகவோ வர வேண்டும். வந்ததும் பெயர், வயது, மருத்துவமனை எண், வலமா இடமா என்று நான்கையும் ஒப்பிடுங்கள். ஒரே வாரத்தில் மூன்று லட்சுமிகள் பட்டியலில் இருந்த அனுபவம் எங்களுக்கு உண்டு; தலைப்பெழுத்தை மட்டும் நம்பக் கூடாது.

3. திட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

திட்டம் மருத்துவருடையது. ஆனாலும் திரையில் இருக்கும் எண்கள் எதைக் குறிக்கின்றன என்று தெரியாத உதவியாளர் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பவர் மாதிரிதான். தொடை எலும்பின் கீழ்முனையில் பொதுவாக 8 முதல் 9 மி.மீ. வரையும், கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டில் தேய்வு குறைந்த பக்கத்திலிருந்து அளந்து 8 முதல் 10 மி.மீ. வரையும் எடுப்பார்கள். எடுக்கும் எலும்பின் தடிமனும் பொருத்தும் செயற்கை மூட்டின் தடிமனும் ஏறக்குறைய ஈடாக வேண்டும் என்பதே காரணம்.

நம் ஊரில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் உட்புறம் தேய்ந்து கால் வில்லாக வளைந்திருக்கும். அவர்களுக்குத் தேய்ந்த உட்புறத்திலிருந்து அளந்தால் எலும்பு தேவைக்கு மேல் போய்விடும். திரையில் உள்ள எண் எந்தப் பக்கத்து எண் என்று வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சி.டி.யில் எலும்பு தெளிவாகத் தெரியும், குருத்தெலும்பு தெரியாது. இந்த ஒரு வரியை மறந்தவர்கள் ஆறாவது படியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

4. அரங்கை அடுக்குதல்

இயந்திரக் கை அறுக்கும் காலின் பக்கமும் காமிரா எதிர்ப்பக்கமும் நிற்கும். நடுவில் யாரும் நிற்கக் கூடாது, விளக்கின் தலையும் தாழக் கூடாது. இரண்டு டிராக்கர்களும் இயந்திரக் கையின் டிராக்கரும் ஒரே நேரத்தில் காமிராவுக்குத் தெரிந்தாக வேண்டும். சக்கரங்கள் நிற்க வேண்டிய இடங்களைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவைத்தோம். அதன் பிறகு ஒவ்வொரு கேசுக்கும் இடம் தேடி நகர்த்தும் வேலை போயிற்று.

நோயாளிக்கு முதுகில் மயக்க ஊசி போடும் நேரத்திலேயே இயந்திரக் கைக்கு டிரேப் (கிருமி நீக்கிய உறை) போட்டு, அதைக் காமிராவுக்கு அறிமுகப்படுத்தும் பதிவையும் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு அடிப்பீடத்தை யாராவது இடித்தால் அந்தப் பதிவைத் திரும்பச் செய்ய வேண்டும். இடித்தவர் சொல்லிவிட வேண்டும், யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபத்துக்குப் பயந்து மறைத்த இடிதான் ஆபத்து.

யு.பி.எஸ். இணைப்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். வழக்கமான அறுப்புக் கருவிகளின் ட்ரேயும் கிருமி நீக்கி அரங்குக்குள் தயாராக இருக்க வேண்டும். இயந்திரம் நடுவில் நின்றால் திறந்த முழங்காலுடன் நோயாளியைக் காக்கவைக்க இயலாது. அந்த நேரத்தில் ட்ரே ஸ்டெரிலைசரில் இருக்கிறது என்று சொன்னால் மருத்துவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

5. காலை வைத்தல், பின் அடித்தல்

டூர்னிக்கெட்டை, அதாவது இரத்த ஓட்டத்தை நிறுத்திவைக்கும் பட்டையை, தொடையின் மேல்பகுதியில் கட்டுங்கள். டிரேப்பை இடுப்போடு இறுக்கிச் சுற்ற வேண்டாம், அடுத்த படியில் காலை வட்டமாகச் சுழற்ற வேண்டியிருக்கும். பாதத்தைச் சுற்றும் துணியும் கணுக்கால் முட்டுகளின் மேல் மெத்தையாகக் கூடாது. அந்த முட்டுகளை விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும்.

தொடை எலும்புப் பின்களை முழங்காலை மடக்கிய நிலையில் செலுத்துவது நல்லது. நீட்டிய நிலையில் செலுத்தினால் தொடைத் தசை அந்த நிலையிலேயே எலும்போடு குத்துப்பட்டுவிடும். பிறகு மடக்கும்போது தசை இழுபட்டு, கால் இயல்பாக மடங்காது, இழுவிசை (மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களின் இறுக்கம்) அளவும் பொய்யாக வரும்.

பின் எலும்பின் இரு சுவர்களையும் கடக்க வேண்டும். மெதுவான வேகத்தில், சலைன் விட்டுக்கொண்டே செலுத்துங்கள். முதல் சுவரைக் கடந்ததும் கை இலேசாகும், இரண்டாவது சுவரில் மீண்டும் கனக்கும். அந்தக் கனம் கைக்குத் தெரியாமல் எலும்பின் ஓரமாகப் போய்விட்டால் பின் ஆடும். ஆடுகிறதே என்று அருகிலேயே இன்னொரு துளை, அதுவும் சரியில்லை என்று மூன்றாவது துளை போடும் பழக்கத்தை முளையிலேயே கிள்ளிவிடுங்கள். வரிசையாகத் துளையிட்ட எலும்பு பின்னாளில் அந்த இடத்தில் முறியக்கூடும்.

டிராக்கரைப் பொருத்தியதும் இறுக்கும் முன்பே காலை முழுதாக நீட்டியும் முழுதாக மடக்கியும் இரு நிலையிலும் காமிராவுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். இறுக்கிய பின் திருப்பினால் எல்லாப் பதிவும் வீண்.

மூட்டைத் திறந்த பிறகு இரு எலும்புகளிலும் செக்பாயிண்ட் எனப்படும் சிறு திருகாணி ஒன்றை, அறுபடாத இடமாகப் பார்த்துப் பதிப்பார்கள். டிராக்கர் அசைந்ததா என்று பிறகு கண்டுபிடிக்க நம்மிடம் இருக்கும் சாட்சி அதுதான். எங்கள் அரங்கில் ஒரு நாள் ரிட்ராக்டர் (தசையை விலக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்துக் கை வலித்த ஒருவர், முழங்கையைச் சற்று டிராக்கரின் மேல் சாய்த்துவிட்டார். கண்ணுக்கு எதுவுமே மாறவில்லை. அறுக்கும் முன் புரோப்பை, அதாவது காமிரா பார்க்கும் சுட்டுகோலை, செக்பாயிண்டில் வைத்தபோது திரை ஏற்க மறுத்தது. பின்னை இறுக்கி, மீண்டும் முதலிலிருந்து பதிவு செய்தோம். அந்தச் சோதனையைத் தாண்டிப் போயிருந்தால் எத்தனை டிகிரி பிசகியிருக்கும் என்று நினைக்கவே விருப்பமில்லை.

6. எலும்பைக் கணினிக்குச் சொல்லித் தருதல்

முதலில் இடுப்பின் மையம். காலைப் பிடித்துச் சிறு வட்டத்தில் தொடங்கிச் சீராகச் சுழற்ற வேண்டும். புதியவர்கள் பெரிய வட்டமாகப் போட்டு இடுப்பு எலும்பையே மேசையிலிருந்து தூக்கிவிடுகிறார்கள். சுழலின் நடுப்புள்ளி நகர்ந்தால் மையமும் நகரும். இடுப்பு மையத்திலிருந்து முழங்கால் வரை ஏறக்குறைய 400 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், மையம் பக்கவாட்டில் 7 மி.மீ. தள்ளிப் பதிவானாலே அறுப்பு 1 டிகிரி சாய்ந்துவிடும்.

கணுக்காலிலும் இதே கணக்குத்தான். உள், வெளி முட்டுகளின் நடுப்புள்ளி பக்கவாட்டில் 6 மி.மீ. நகர்ந்தால் கீழ்க்காலில் சுமார் 1 டிகிரி போய்விடும். துணியின் மேல் குத்துமதிப்பாகத் தொடாமல், விரலால் முட்டின் உச்சியைத் தடவி, அந்த விரலை எடுக்காமலேயே புரோப்பை வையுங்கள்.

அடுத்து எலும்பின் பரப்பில் புள்ளிகள். மேக்கோவில் ஓர் எலும்புக்கு 40 புள்ளிகள் கேட்கும். இங்கேதான் மூன்றாவது படியின் அந்த வரி வேலைக்கு வருகிறது. கணினியிடம் இருப்பது எலும்பின் உருவம் என்பதால், குருத்தெலும்பு மிச்சமிருக்கும் இடத்தில் கூர்முனைப் புரோப்பை அதைத் துளைத்துக் கடினமான எலும்பில் முட்டும்வரை அழுத்த வேண்டும். மேலோட்டமாகத் தொட்டால், 2 மி.மீ. குருத்தெலும்பையும் சேர்த்து எலும்பு என்று கணினி எடுத்துக்கொள்ளும். ஸ்கேன் இல்லாத கருவிகளில் விதி வேறு. அங்கே பரப்பை அப்படியே வருடிப் பதிய வேண்டும், குத்தக் கூடாது. இரண்டு வகையும் உள்ள இடத்தில் வேலை செய்பவர்கள் அன்றைக்கு எந்தக் கருவி என்று தமக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வது நல்லது.

பிறகு சரிபார்ப்புப் புள்ளிகள். திரை சிவப்பாக இருக்கும் புள்ளியை மட்டும், பச்சையாகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தித் தொடுவது நான் அதிகம் பார்த்த தவறு. திரை பச்சையாகும், எலும்பு அங்கேயேதான் இருக்கும். ஏன் பொருந்தவில்லை என்று பாருங்கள்: உருண்டையில் இரத்தத் துளி பட்டிருக்கலாம், பின் தளர்ந்திருக்கலாம், புள்ளிகள் எல்லாம் ஒரே மூலையில் நெருங்கியிருக்கலாம். ஈரத்துணியால் உருண்டையைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

7. எலும்பு முளைகளை நீக்கி, இழுவிசை பார்த்தல்

தேய்ந்த மூட்டின் ஓரங்களில் வளர்ந்த எலும்பு முளைகளைப் பதிவுக்குப் பிறகே நீக்க வேண்டும். இழுவிசை பார்ப்பதற்கு முன்பே நீக்கியும் ஆக வேண்டும். பதிவுக்கு முன் நீக்கினால் ஸ்கேனில் உள்ள உருவமும் கண்முன் உள்ள எலும்பும் வேறாகிவிடும். நீக்காமல் இழுவிசை பார்த்தால், உட்புறத் தசைநார் முளையின் மேல் கூடாரத் துணிபோல விறைத்து நின்று, உண்மையில் இல்லாத இறுக்கத்தைக் காட்டும். அந்தப் பொய்யான இறுக்கத்துக்காகக் கூடுதலாக அறுத்துவிட்டு, பிறகு முளையை எடுத்தால் மூட்டு தளர்ந்துவிடும்.

இழுவிசை பார்க்கும்போது காலை நீட்டிய நிலையிலும் 90 டிகிரி மடக்கிய நிலையிலும் உட்புறமும் வெளிப்புறமும் திறந்து காட்ட வேண்டும். தசைநார் நிற்கும் இடம்வரை சீராக அழுத்திப் பிடித்தால் போதும். முறுக்கி இழுத்தால் எண் கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு. இரு எலும்புகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி, நீட்டிய நிலையில் உட்புறம் 16, வெளிப்புறம் 19. மடக்கிய நிலையில் உட்புறம் 18, வெளிப்புறம் 19 மி.மீ. என்று திரை காட்டுகிறது. தொடை எலும்பின் கீழ்முனையில் மாற்றினால் நீட்டிய நிலை மட்டும் மாறும், பின்பகுதியில் மாற்றினால் மடக்கிய நிலை மட்டும் மாறும், கீழ்க்கால் எலும்பில் மாற்றினால் இரண்டும் மாறும். இங்கே குறை பெரும்பாலும் நீட்டிய நிலையில் இருப்பதால், மருத்துவர் முதலில் தொடை எலும்பின் கீழ்முனையைத்தான் பார்ப்பார். உள், வெளித் தொடர்பு இடங்களுக்கு இடையே 45 முதல் 50 மி.மீ. இருப்பதால் 1 டிகிரி சாய்வுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். 3 மி.மீ. வேறுபாட்டை முழுக்கச் சாய்வாலேயே ஈடுசெய்யப் பார்த்தால் கோணம் எல்லை மீறிவிடும், கொஞ்சம் தசைநாரைத் தளர்த்த வேண்டி வரும். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அடுத்து எந்தக் கருவி கேட்கப்படும் என்று இப்படித்தான் ஊகிக்க முடியும்.

8. அறுத்தல்

ஒவ்வோர் எலும்பையும் அறுக்கத் தொடங்கும் முன் செக்பாயிண்டைத் தொட்டுச் சோதியுங்கள். ரம்பத்தில் பிளேடு முழுதாகப் பூட்டியிருக்கிறதா என்று பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிளேடு ஆடினால், எல்லையைக் காக்கும் இயந்திரத்துக்கு அந்த ஆட்டம் தெரியாது.

எல்லை என்பது எலும்பைச் சுற்றிக் கணினி வரைந்த கோடு. அந்தக் கோட்டுக்குள் தசைநார் நீட்டிக்கொண்டிருந்தால் இயந்திரம் அதைக் காணாது. உட்புறத் தசைநாரையும், கீழ்க்கால் எலும்புக்குப் பின்னால் ஓடும் பெரிய இரத்தக்குழாயையும் காப்பது ரிட்ராக்டரும் அதைப் பிடித்திருப்பவரின் கவனமும்தான். ரோபோ பார்த்துக்கொள்ளும் என்று ரிட்ராக்டரைத் தளர்த்துபவரை உடனே எச்சரியுங்கள்.

பிளேடு ஓடத் தொடங்கிய பிறகே எலும்பைத் தொட வேண்டும். எலும்பில் வைத்துவிட்டு ஓடவிட்டால் அது துள்ளி வேறிடத்தில் தடம் பதிக்கும். வில்லாக வளைந்த காலில் கீழ்க்கால் எலும்பின் உட்புறம் தந்தம் மாதிரி இறுகிப் பளபளக்கும்; அங்கே அழுத்தித் தள்ளினால் பிளேடு வளைந்து மேல்நோக்கி வழுக்கும். அழுத்தாமல், பிளேடைத் தன் போக்கில் முன்னும் பின்னும் விட்டு எடுக்க வேண்டும்.

சலைன் விடுவது உதவியாளர் வேலை. அது சில்லுகளைக் கழுவ மட்டுமல்ல. எலும்பு 47 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே அங்குள்ள உயிரணுக்கள் கெடத் தொடங்கும். ஆனால் சிரிஞ்சைப் பீய்ச்சும் வேகத்தில் டிராக்கர் உருண்டைகளை நனைத்துவிடாதீர்கள்.

முழங்கால் சில்லை அறுக்க வேண்டியிருந்தால் அது பெரும்பாலும் கையால்தான். அதற்குரிய அளவுகோலை ட்ரேயில் மேலாக வையுங்கள்.

9. சரிபார்த்துப் பொருத்துதல்

அறுத்த ஒவ்வொரு பரப்பிலும் தட்டைப் புரோப்பை வைத்து, திட்டத்துக்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் படியுங்கள். ஒரு மூலையில் விட்டுப்போன எலும்புத் துணுக்கு புரோப்பைத் தூக்கிப்பிடித்து 2 டிகிரி பிசகு காட்டுவதுண்டு. முதலில் துணுக்கை எடுங்கள், பிறகு கவலைப்படுங்கள். ட்ரயல் மூட்டை (அளவு பார்க்கும் மாதிரி மூட்டை) பொருத்தி மீண்டும் நீட்டி மடக்கிப் பார்த்த பிறகே உண்மையான மூட்டின் பெட்டியைத் திறக்க வேண்டும். சூடான அரங்கில், மூட்டை எலும்போடு பிடிக்கவைக்கும் சிமெண்ட் விரைவாக இறுகும் என்பதால், சித்திரை, வைகாசியில் ஏ.சி. திணறும் நாட்களில் கலக்கத் தொடங்கும் நேரத்தை மயக்க மருத்துவருக்கும் ஸ்கிரப் செவிலியருக்கும் உரக்கச் சொல்லுங்கள்.

10. வெளியே எடுக்க வேண்டியவை, எழுதிக்கொடுக்க வேண்டியவை

பின்கள் பெரிதாக நீட்டிக்கொண்டிருப்பதால் யாரும் மறப்பதில்லை. செக்பாயிண்ட் இரண்டும் எலும்போடு எலும்பாக அமுங்கிக் கிடப்பதால் மறந்துபோகும். பஞ்சு, ஊசி எண்ணிக்கை எழுதும் பலகையில் “செக்பாயிண்ட் 2, பின் 4” என்று தொடக்கத்திலேயே எழுதிவிட்டால், மூடும் முன் அவையும் எண்ணப்படும்.

வீட்டுக்கு அனுப்பும் சுருக்கத்தில், எந்த எலும்பில், மூட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் பின்கள் இருந்தன என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். காட்டுமன்னார்கோவிலிலோ குறிஞ்சிப்பாடியிலோ இருக்கும் ஒருவருக்குச் சில வாரங்கள் கழித்து நடுத்தொடையிலோ கீழ்க்காலிலோ புதிதாக வலி வந்தால், அவர் பக்கத்து மருத்துவரிடம்தான் போவார். அந்த மருத்துவர் முழங்காலை மட்டும் படமெடுத்து, மூட்டு நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடக்கூடும். பின் இருந்த இடம் தாளில் எழுதியிருந்தால், அந்த இடத்தையும் சேர்த்து எக்ஸ்ரே எடுப்பார்.